நீ படி, மற்றதை நாங்கள் பாக்கிறம்

பிள்ளையைப் பெற்று வளர்த்து, பதினெட்டு வயதானதும் தன் காலில் நிற்க விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோர் உலகத்தில் பலர் உண்டு. கல் நெஞ்சுக்காரர். கிளிநொச்சியில் எங்கள் உருத்திரபுரத்துப் பெற்றோரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இங்கே பிள்ளையின் காலும் நாங்கள்தான், கையும் நாங்கள்தான். பிள்ளைக்கென்று நாங்கள் விட்டுவைத்திருப்பது தலை ஒன்றை மட்டுமே. அதையும் விடியக்காலை ரியூசனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுகிறோம்.

இந்தச் சாதனையின் உயரம் தெரிய வேண்டுமானால் ஊரின் பழங்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1902இல் தொடங்கி இரண்டு பத்தாண்டுகள் இழுபட்டுக் கட்டி முடிக்கப்பட்டது இரணைமடுக் குளம். அதன் வாய்க்கால் தண்ணீரை நம்பி, ஐம்பதுகளில் காணி வாங்கிக் குடியேறியவர்களின் ஊர் இது. வாய்க்கால் இலக்கத்தையே குறிச்சிப் பெயராக்கி இன்றும் டி8, டி10 என்றுதான் விலாசம் சொல்கிறோம். வந்தவர்களுக்குக் காடு இருந்தது, யானை இருந்தது, மலேரியா இருந்தது, பாடத்திட்டம்தான் இருக்கவில்லை. கிணறு வெட்டத் தெரியாதவன் தாகத்தால் கற்றான். கூரை மேயத் தெரியாதவன் முதல் மாரியில் கற்றான். அவன் பிள்ளை பத்து வயதில் மாட்டைப் பட்டியில் அடைத்து, வரம்பு கட்டி, தண்ணீர் மாறி, தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது. எவ்வளவு பின்தங்கிய நிலை! ஒரு பிள்ளைக்கு இத்தனை வேலை தெரிந்திருப்பது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வெட்கக்கேடு!

அந்தக் கறையை இரண்டே தலைமுறையில் கழுவிவிட்டோம். இன்று எங்கள் ஊரில் ஏ.எல். படிக்கும் ஒரு பெடியனை எடுத்துக்கொள்ளுங்கள். தொகையீடு செய்வான். பென்சீன் வளையத்தை மூச்சுவிடாமல் விளக்குவான். போன வருடத்து வெட்டுப்புள்ளி, அதற்கு முந்தின வருடத்து வெட்டுப்புள்ளி, யாழ்ப்பாண மாவட்டத்துக்கும் கிளிநொச்சி மாவட்டத்துக்கும் இடையிலான இஸட் புள்ளி வித்தியாசம் எல்லாம் தசமதானம் பிசகாமல் சொல்வான். இரண்டு சுண்டு அரிசிக்கு எத்தனை சுண்டு தண்ணீர் என்று மட்டும் கேட்கக் கூடாது. அது பாடத்திட்டத்துக்கு வெளியே. அவன் வீட்டுக்கு முன்னால் காலபோகமும் சிறுபோகமும் நெல் விளைகிறது. நெல்லுக்கும் சோற்றுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவன் அம்மா தொழில் இரகசியமாகக் காத்துவருகிறாள். அரிசி ஆலை முதலாளிகள்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருப்பதில்லை.

சைக்கிள் காற்றுப் போனால் கடைவரை உருட்டிக்கொண்டு போவது அப்பா. சேட்டில் பொத்தான் அறுந்தால் அக்கா. வங்கிப் புத்தகம் அம்மாவின் அலுமாரியில். விதானையாரிடம் கடிதம் வாங்கப் போவதும் அப்பா, வாங்கிய கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கப் போவதும் அப்பா. பல்கலைக்கழக விண்ணப்பத்தை மாமா நிரப்புவார், ரியூசன் மாஸ்ரர் சரிபார்ப்பார். கையொப்பம் ஒன்றைத்தான் பிள்ளை போட வேண்டியிருக்கிறது. அதையும் எங்கே போடுவது என்று பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருப்போம். சட்டம் இடம் கொடுத்தால் அந்தச் சிரமத்தையும் கொடுத்திருக்கமாட்டோம்.

பிள்ளை தப்பித்தவறி ஒரு வேலையைத் தொட்டுவிட்டால் வீடே பதறுகிறது. வாளியைத் தூக்கினால், "விடப்பு, விடப்பு, கை நோகும்." அகப்பையை எடுத்தால், "நீ உதுக்குள்ள ஏன் நிக்கிறாய்? போய்ப் படி." இந்த அதட்டல்களின் சாரம் ஒரே வசனம்தான். வன்னியின் எந்த வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் பொருந்தும்: நீ படி, மற்றதை நாங்கள் பாக்கிறம்.

எங்கள் கொட்டிலை வந்து பார்த்தால் மண்வெட்டி புதுப் பிடியோடு சாத்தியிருக்கும். கத்தி துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசிச் செருகியிருக்கும். பிள்ளையின் கையும் அப்படியே, ஒரு காய்ப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. ஔவையார் இந்தப் பக்கம் வந்திருந்தால் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து மெச்சியதுபோல நிச்சயம் மெச்சிவிட்டுப் போயிருப்பார்.

தாய் தகப்பன் ஒன்றும் தெரியாதவர்களாக இருந்து பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் அதில் என்ன பெருமை? அது இயலாமை. எங்கள் பெருமை வேறு வகை. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் எங்கள் தலைமுறைக்குத் தெரியாத கைவேலை இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம் எங்களுக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகம். ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் ஓ.எல். எழுதினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சவர்க்காரம் இல்லாதபோது பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். 1996இல் போர் துரத்தக் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது மரத்தடியில் கொட்டில் போட எத்தனை தடி வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் கணக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி மறுபடி படையினரிடம் விழுந்தபோது, ஒரு சட்டிக்குள் எதையெல்லாம் கட்டலாம், எதை விட்டுவிட வேண்டும், பங்கருக்கு மேல் எந்த மரம் தாங்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. பிறகு மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, அந்த ஒரு வாளியில் குளித்து, தோய்த்து, சமைத்து முடித்தோம்.

இத்தனை வித்தையையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றையும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்! மூலிகை தெரிந்த வைத்தியன் மகனுக்கும் சொல்லாமல் செத்தான் என்று பழங்கதை கேட்டிருப்பீர்கள். ஒரு ஊரே சேர்ந்து அப்படிச் செய்தது இங்கேதான். காரணம் கேட்டால் கண் கலங்கிவிடும்: "நாங்கள் பட்ட கஷ்டம் எங்கட பிள்ளையள் படக் கூடாது." உண்மையான வார்த்தை. இதைச் சொல்லும் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நானும் பேசவில்லை. கஷ்டத்தையும் அதிலிருந்து மீண்ட வித்தையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எரித்துவிட்டோம் என்பதைத்தான் வியந்து சொல்கிறேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. 2010இல் மீளக்குடியமர்ந்தபோது வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில், கோயில் மண்டபத்தில், மரத்தடியில் என்று மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் போகாதே. மண்ணில் புதைந்த இரும்பைத் தொடாதே. தெரியாத பொருளைக் கண்டால் வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல். ஐந்து வயதுப் பிள்ளை இதைத் தூக்கத்திலும் சொல்லும். ரியூசன் வைக்கவில்லை, மாதிரி வினாத்தாள் அச்சடிக்கவில்லை. தாய் சொன்னாள், தகப்பன் சொன்னான், வாத்தியார் சொன்னார், கைகாட்டி நேரிலே காட்டினார்கள், பிள்ளை கற்றது. அந்தப் பாடத்தில் பெயில் ஆனால் கால் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்றப் பாடங்களில் போவது காலளவுக்குப் பெறுமதியானதல்ல என்பது எங்கள் கணிப்பு. அனுபவசாலிகளின் கணிப்பு, பிழையாக இராது.

பெண்பிள்ளைகளின் வளர்ப்புக்குத் தனியாகவே ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். மகனுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பதில்லை என்ற கொள்கையைச் சமன் செய்ய, மகளுக்குச் சமையலைத் தவிர வேறொன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். அதிலும் இப்போது படிக்கிற பிள்ளை என்றால் சமையலும் இல்லை. தனியே பஸ் ஏறுவது, வங்கியில் படிவம் நிரப்புவது, கச்சேரியில் ஒரு உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் நின்று "ஏன் ஏலாது?" என்று கேட்பது எல்லாம் ஆம்பிளையள் பார்க்கும் வேலை. நல்ல ஏற்பாடு. அதன் பலனைப் போர் முடிந்த கையோடு நேரிலே கண்டோம். ஆம்பிளையள் செத்தும் காணாமல் ஆக்கப்பட்டும் போன வீடுகளில், முப்பது வயதுத் தாய்மார் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு அலுவலகப் படி ஏறினார்கள். இறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத் திட்டக் கொடுப்பனவு, வங்கிக் கணக்கு, சிமெந்து வாங்குவது, மேசனோடு கூலி பேசுவது எல்லாம் ஒரே வருடத்தில், அழுதழுது கற்றார்கள். கற்று முடித்து வீடும் கட்டி நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் செய்த முதல் வேலை, மகளைப் பார்த்து, "உனக்கு உதெல்லாம் வேண்டாம், நீ படி" என்றது.

அதற்குள் நுண்கடன் கொம்பனிகள் ஊருக்குள் வந்துவிட்டன. பெண்களை ஐந்தாறு பேராகக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவள் பிணை என்று எழுதி வாங்கி, கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து காசு பிரித்தார்கள். அவர்கள் எங்கள் வளர்ப்புமுறைக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, ஒரு வருடத்தில் கிழமைத் தவணையாகக் கட்டி முடிக்க வேண்டும். வட்டி பன்னிரண்டாயிரம், மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,200. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக எங்கள் கையில் இருந்தது ஐம்பதாயிரத்தில் பாதிதான். பாதிக் காசுக்கு முழுக் காசின் வட்டி. உண்மையான வீதம் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைக் கண்டுபிடிக்கத் தொகையீடு தேவையில்லை. எட்டாம் வகுப்புக் கணிதமும் "கொஞ்சம் பொறுங்கோ, கணக்குப் பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லும் துணிவும் போதும். முதலாவது எங்கள் பிள்ளைகளிடம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவதை நாங்கள் ஏன் கொடுக்கப்போகிறோம்?

2018இல் நிலைமை எங்கே போய் நின்றது என்பது ஊர் அறிந்தது. அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதே வருடம் செப்டெம்பரில் வந்துபோன ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வருட வட்டி 220 வீதம்வரை ஏறியிருப்பதாகச் சொன்னார். அந்தத் தாய்மார் கடன் பத்திரத்தில் ஒப்பமிட்ட வேளையில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளை பக்கத்து அறையில் இருந்திருக்கலாம். குழப்பக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

குளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னி என்றால் குளம். இரணைமடு ஒரு பக்கம், புதுமுறிப்பு ஒரு பக்கம், இடையில் வாய்க்கால்கள், கிரவல் தோண்டிய கிடங்குகள். தண்ணீருக்கு நடுவில் குடியிருக்கும் மக்கள் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவார்கள் என்று வேறு நாட்டுக்காரன் நினைப்பான். எங்கள் நீச்சற் பயிற்சி இரண்டு சொல்லில் முடிந்துவிடும்: "குளத்தடிக்குப் போகாதே." 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி வெள்ளத்தில் மிதந்தபோது, குளத்தடிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிக் குளமே வீட்டுக்கு வந்தது. அப்படிப்பட்ட அசம்பாவிதங்களுக்கு எங்கள் பயிற்சியில் இடமில்லை.

அரசாங்கத்தையும் விட்டுவிடாமல் பாராட்ட வேண்டும், அது மூன்று முறை எங்களோடு மோதித் தோற்றிருக்கிறது. 1943இல் கன்னங்கரா குழு, ஏட்டுக் கல்விப் பாடசாலைகளோடு கைவேலை பழக்கும் செயன்முறைப் பாடசாலைகளையும் பரிந்துரைத்தது. இலவசக் கல்வியைக் கையேந்தி வாங்கிக்கொண்டோம், செயன்முறையைத் தட்டிலேயே விட்டுவிட்டோம். 1972இல் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது என்று ஏற்பாடு. எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது: கொழும்பான் வீட்டுப் பிள்ளை டொக்டர் ஆகும், எங்கட பிள்ளை எங்கட வயலிலேயே நிற்கும். (இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. கொழும்புப் பெரிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்க வரிசையில் நின்றதாகத் தகவல் இல்லை.) 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பாடங்கள் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகுதான் கல்வித் திணைக்களத்துக்கு எங்கள் மனம் பிடிபட்டது. வாழ்க்கைத் தேர்ச்சி என்றே ஒரு பாடம் வைத்தார்கள். செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று இன்னொன்று. செயன்முறையை எப்படிச் செய்யாமல் படிப்பது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. முதலுதவியின் படிகளை எண்ணிட்டு எழுதுவார்கள், பத்துக்குப் பத்து. பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வந்தால் ரீச்சரைக் கூப்பிட ஓடுவார்கள். தவணைப் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணித ஆசிரியர் இரவல் கேட்பார், கொடுத்துவிடுவோம். வாழ்க்கையைக் கணிதத்துக்கு இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

அறிவியல்நகரில் 2016இல் இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் திறந்தார்கள். உருத்திரபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். வாகனத் திருத்தம், மின்னியல், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் என்று நல்ல இயந்திரங்களோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம் ஜேர்மன்காரர். கையில் எண்ணெய் படும் வேலைக்கு இவ்வளவு பெரிய கட்டடம் கட்டினால் வன்னியான் மதிப்பான் என்று யாரோ அவர்களை ஏமாற்றிவிட்டார்கள். எங்களூரில் அந்த இடத்துக்கு ஒரே விளக்கம்தான்: "அது ஏ.எல். சரிவராத பிள்ளையளுக்கு." அந்தச் சரிவராத பிள்ளைதான் இன்று ஊரில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கூப்பிடப்படுகிறது. மின்பொறியியல் படித்துவிட்டு விடுமுறையில் வந்து நிற்கும் எங்கள் மகன் ரோச் லைட் பிடிக்கிறான். நன்றாகவே பிடிக்கிறான், வெளிச்சம் ஆடவில்லை.

2022 சித்திரை, வைகாசி மாதங்கள் நினைவிருக்கும். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. நாடே விறகடுப்புக்குத் திரும்பியது. எங்கள் வீடுகளில் அடுப்பு அணையவில்லை; அம்மாவுக்கு மூன்று கல் வைத்து ஈர விறகையும் எரிக்கத் தெரியும். தடைக்காலப் பட்டதாரி அல்லவா? பிள்ளைகள் அதைத் தொலைபேசியில் படம்பிடித்து முகநூலில் போட்டார்கள். பாரம்பரிய சமையல் என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். நிறையப் பேர் விருப்பம் தெரிவித்தார்கள். விறகைப் பிளந்தது அப்பா. அது படத்தில் விழவில்லை.

பிள்ளை எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் சேவை தொடர்கிறது என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்ய வேண்டும். ரொறன்ரோவில் கோடைகாலப் பின்னேரம் ஐந்து மணி என்றால் உருத்திரபுரத்தில் நடுச்சாமம் தாண்டி இரண்டரை. வட்ஸ்அப் அடிக்கும். அம்மா எழும்பி, மின்குமிழைப் போட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தண்ணி கொதிச்சிட்டுதோ? கமெராவைச் சட்டிக்குள்ள காட்டு. இப்ப உப்புப் போடு... ஐயோ, அது சீனியடா" என்று பருப்புக்கு வழிநடத்துவாள். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்தில் பருப்பு அவிக்கும் தொழில்நுட்பத்தில் எங்கள் தாய்மாரை வெல்ல ஆளில்லை. மகன் அங்கே கொம்பனியில் அறுபது பேரை மேய்க்கிறான். காசும் ஒழுங்காக அனுப்புகிறான், அதில்தான் மதில் கட்டினோம். இரண்டு வருடத்தில் கலியாணம் செய்து வைப்போம். பெண்ணுக்கு என்ன தகைமை வேண்டும் என்று தரகர் கேட்டபோது அம்மா யோசிக்காமல் சொன்னாள்: "படிச்ச பிள்ளையா இருக்க வேணும். சமைக்கவும் தெரிய வேணும்." பெண்ணின் தாயும் இதே ஊர்க்காரி. அவளும் தன் மகளிடம் இருபது வருடமாக, "நீ படி, மற்றதை நாங்கள் பாக்கிறம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது தரகருக்குத் தெரியும். தரகர் விபரம் தெரிந்தவர், வாய் திறக்கவில்லை.

சிலர் குறை சொல்கிறார்கள். பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்குச் சோறு கறி சமைக்க, தன் உடுப்பைத் தோய்க்க, சைக்கிளுக்கு ஒட்டுப்போட, நீந்த, வங்கிப் படிவமொன்றை நிரப்ப, ஒரு பத்திரத்தை வாசித்து விளங்கிய பிறகு ஒப்பமிட, பாம்பு கடித்தவனை ஆட்டாமல் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பழக்கிவிடலாமாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைப்பொழுது போதுமாம், ரியூசனில் ஒரு பாடம் குறைத்தால் போதுமாம். ஒரு பாடம் குறைத்தால் இஸட் புள்ளி என்னாவது என்று இவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. பாம்பு கடித்தால் பிள்ளை ஏன் கொண்டுபோக வேண்டும்? நாங்கள் இல்லையா?

ஆம், நாங்கள் இருக்கிறோம். முழு ஏற்பாடும் அந்த ஒரு தூணில்தான் நிற்கிறது. ஆகையால் உருத்திரபுரத்துத் தாய் தகப்பன்மாரிடம் ஒரேயொரு வேண்டுகோள். தயவுசெய்து சாகாதீர்கள். நோய் நொடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் மங்க விடாதீர்கள், தொலைபேசியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதன் ஓய்வூதியப் படிவத்தை நீங்கள் நிரப்பி, புள்ளடி போட்ட இடத்தில் அது ஒப்பமிட்டு முடியும்வரை இருந்தே ஆக வேண்டும். உங்களுக்கு அப்போது நூறு வயது ஆகியிருக்கும். வேறு வழியை நீங்கள் வைக்கவில்லை.